கொழுப்பு அளக்க வந்த நண்டு

கிட்ட வாங்கோ குஞ்சுகள், இன்னும் கொஞ்சம் கிட்ட. பாயிலை இடம் காணாட்டி என்ரை சீலைத் தலைப்பிலை இருங்கோ, அது ஏற்கெனவே கிழிஞ்சதுதான். வயிறு நோகச் சிரிக்கிற கதை ஒண்டு சொல்லப் போறன். சிரிச்சு முடிய நெஞ்சுக்குள்ளை எங்கையோ சின்னதாய் ஒரு முள்ளுக் குத்தினால் என்னிலை குறை சொல்லாதேங்கோ. நல்ல மீனெண்டால் முள்ளும் இருக்கும்தானே.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கடலுக்குப் போனால் நேவி, கரையில் இருந்தால் ஷெல் என்று ஆனபிறகு, நாயாற்றுக் கரைச் சனம் வலையையும் புனிதர் சுரூபங்களையும் சுருட்டிக்கொண்டு முள்ளியவளைக்கு வந்து, ஒரு புண்ணியவானின் தென்னங்காணிக்குள் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்த காலம். கடலைப் பார்க்காத மீன்பிடிகாரர் பகல் முழுக்க வெறும் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். மத்தியானம் ஆனால் முகாமின் நடுவில் இருந்த கஞ்சிக் கொட்டிலில் இருந்து புகை எழும்பும். அந்தப் புகையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் நேரம் அறிவார்கள்.

அந்தக் கஞ்சி காய்ச்சுகிறவள் சுசிலா. அவளைப் பற்றி முதல் சொல்ல வேண்டியது, அவள் மொத்தம். இப்படி அப்படி மொத்தமில்லை. பிறக்கும்போதே அப்படித்தானாம்; ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியார் கை உளைந்து நடுவில் ஒருதரம் கை மாற்றிப் பிடித்தாராம். தாய்க்கும் அதே உடம்பு, தாயின் தாய்க்கும் அதே உடம்பு. இடம்பெயர்ந்து வந்தபிறகு சுசிலா ஒருநேரம் சாப்பிட்டாள். அதுவும் பிள்ளைகள் எல்லாம் குடித்துப் போனபிறகு, கஞ்சிக் கிடாரத்தின் அடியில் தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசின தண்ணீர். முன்னம் கட்டின சீலையில் இப்போது இரண்டு கொய்யக மடிப்புக் கூட விழுந்தது. அவளுக்கு அதுதான் நிறுவை. ஆனால் கொய்யகத்தை எண்ணிப் பார்க்கிறவர் ஆர்? பார்க்கிற கண்ணுக்கு அவள் தேர் போலத்தான் அசைந்து வந்தாள்.

அவள் புருசன் வஸ்தியான் மெலிந்தவன். இரண்டு பேரும் ஒன்றாய் நடந்து போனால், "பாய்மரமும் வள்ளமும் போகுது" என்று சனம் சிரிக்கும். அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். ஒரே மகள் ஆன்சலா, நாலு வயது, தகப்பனின் உடம்பு.

முகாமுக்குத் தலைவர் இராயப்பர். முருங்கைக்காய்க்குச் சாரம் கட்டிவிட்ட மாதிரி ஒரு மனிசன். கழுத்தில் செபமாலை, செபமாலையோடு சேர்த்துக் கோத்த ஒரு திறப்பு. சாமான் அறைப் பூட்டின் திறப்பு. நிவாரண நிறுவனம் கொடுக்கிற சத்துமாவும் பருப்பும் அந்த அறைக்குள்தான் இருந்தன. நாளுக்கு இத்தனை சுண்டு என்று அவர்தான் அளந்து கொடுப்பார், அதைத்தான் சுசிலா காய்ச்சுவாள். அறைக்குப் பின்னால், பனையோலை மறைப்புக்குள், இராயப்பர் ஒரு பன்றி வளர்த்தார். முகாமில் எல்லாரும் சுருங்கிக்கொண்டு போக அது மட்டும் ஊதிக்கொண்டு வந்தது.

"கோரைக்கிழங்கைத் திண்டே இப்பிடி வளருது. எல்லாம் அந்தோனியாற்றை புதுமை," என்று இராயப்பர் சொல்லுவார். அந்தோனியார் செய்யும் புதுமையை ஆர் கேள்வி கேட்பது?

கஞ்சி மட்டும் கிழமைக்குக் கிழமை தண்ணியாய்ப் போனது. அந்தக் கஞ்சியில் முகம் பார்த்துத் தலை இழுக்கலாம் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு இராயப்பரின் காதுக்கு எட்டியது. அவர் ஒரு குற்றமும் சொல்லவில்லை. சுசிலா குனிந்து விறகு தள்ளிக்கொண்டிருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "நான் என்னத்தைச் சொல்ல, கண்ணிருக்கிறவை பாருங்கோவன்" என்றார். அவ்வளவுதான். அடுத்தநாள் முழு முகாமுக்கும் கண் முளைத்துவிட்டது.

"தின்னாமல் உடம்பு எங்கையிருந்து வரும்?" என்றது ஒரு வாய். "உப்புப் பாக்கிறன் எண்டு எத்தினை அகப்பை போகுதோ," என்றது இன்னொன்று.

சுசிலாவுக்கு அது கேட்டது. கேட்டபிறகு உப்புப் பார்க்கவே பயந்தாள். நாக்கில் ஒரு சொட்டு வைப்பதும் களவோ? பின்னேரம் கிடாரத்தை அலசிக் குடிக்கும்போது, யாரும் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். தான் எடுக்காத ஒன்றுக்காகத் தானே ஒளிக்கத் தொடங்கினாள். கேட்டுப் பாருங்கோ குஞ்சுகள், ஒரு மனிசியைக் கள்ளியாக்கிறதுக்கு இதைவிடச் சுருக்குவழி இல்லை.

இந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வருகிறார், சனத்தின் உடம்பில் நூற்றுக்கு எத்தனை வீதம் கொழுப்பு இருக்கிறது என்று அளக்கப் போகிறார், கொழுப்புக் காணுமென்றால் கஞ்சியை நிறுத்திப் போடுவார்கள்.

"எங்களிட்டைக் கொழுப்பு இருக்கோ எண்டு கொழும்பாலை வந்து பாக்கிறாங்களோ?" என்று பேச்சியம்மா கேட்டாள். அவள் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, வன்னிக்குள்ளேயே நாலுதரம் இடம்பெயர்ந்தவள். வாயில் வெற்றிலை இல்லாவிட்டாலும் மென்றுகொண்டே பேசுவாள். "வந்து பாக்கிறதுதான்டி கொழுப்பு."

இராயப்பர் சுசிலாவிடம் தனியாக வந்தார். குரலில் பனங்கட்டி கரைந்தது.

"பிள்ளை சுசிலா, நான் உன்ரை நன்மைக்குச் சொல்லுறன். அண்டைக்கு ஒருநாள் தண்ணீரூற்றுப் பக்கம் ஆரின்ரையும் வீட்டிலை போய் இரு. உன்னைக் கண்டால் டொக்டர் பேந்து ஒண்டையும் அளக்கமாட்டார். எங்கடை கஞ்சி உன்னாலை போச்செண்டு சனம் சொல்லக்கூடாது பார்."

"நான் போனால், சமைச்சவள் களவெடுத்திட்டு ஒளிச்சிட்டாள் எண்டு சொல்லுவினம் தலைவர்."

"சொல்லுவினம்தான்," என்றார் இராயப்பர், மிகவும் கவலையோடு. "அப்ப நான் என்ரை மச்சாளை அடுப்புக்கு விடுறன். கஞ்சி எண்டாலும் மிஞ்சும்."

அதிலிருந்து சுசிலாவுக்கு விளங்கிவிட்டது, போனாலும் கெட்ட பெயர், இருந்தாலும் கெட்ட பெயர். போனால் அகப்பையும் போகும். அகப்பை போனால் கடைசியாய் வரிசைக்கு வருகிற பிள்ளைக்கும் ஒரு கோப்பை வரும்படி பார்த்து ஊற்ற ஆளிராது. "நான் போகமாட்டன்," என்றாள்.

அளக்கிற நாள் வந்தது. அன்றைக்கு முகாமுக்கே ஒரு பிசகு நடந்தது. எங்கள் பெண்களுக்குக் கிளினிக் என்றால் ஒரே பழக்கம்தான் தெரியும். பிள்ளையின் நிறை குறைந்தால் மருத்துவிச்சி அம்மா சனத்துக்கு முன்னால் ஏசுவா. ஆகவே நிறுக்கப் போகிற காலையில் பிள்ளைக்குத் தொண்டைமட்டும் தண்ணீர் பருக்கிக் கொண்டுபோவது. அந்தப் பழக்கத்தில், பட்டினியைக் காட்ட வேண்டிய நாளில், பட்டினியை மறைக்கத் தொடங்கினார்கள். ஆர்தான் தன் பிள்ளையைக் கொழும்பு டொக்டருக்கு முன்னால் வத்தலும் தொத்தலுமாய் நிறுத்துவாள்? ஒளித்து வைத்த கடைசித் தேங்காயெண்ணெயைப் பூசி, பெருநாளுக்குப் போட்ட சட்டையைப் போட்டு, வயிறு கும்மென்று நிற்கத் தண்ணீர் பருக்கி, பிள்ளைகளைப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடந்தால் வயிற்றுக்குள் களக் களக்கென்று கேட்டது.

டொக்டர் இளந்தாரி. வெள்ளைச் சப்பாத்து. புத்தகத்தில் எழுதினது போலத் தமிழ் பேசினார். பாலைமரக் கொப்பில் ஒரு தொங்குதராசைக் கட்டி, தண்ணீர் வயிற்றோடு பிள்ளைகளை நிறுத்து எழுதினார். பிறகு பையிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். இரண்டு கை, நடுவில் வில்லு, ஒரு பக்கம் மணிக்கூடு மாதிரி ஒரு முகம்.

"இதனால் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து, அதன் தடிப்பை அளப்போம்," என்றார்.

"ஐயோ, நண்டு!" என்றது சனம். அந்த நிமிசத்திலிருந்து அதற்கு நண்டு என்றே பெயர்.

நண்டால் முதல் பிள்ளையின் கைச்சதையைப் பிடித்தார். எண்ணெயில் வழுக்கியது. மறுபடி பிடித்தார், வழுக்கியது. பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. தாய் பெருமையாய் நின்றாள். பத்துப் பிள்ளைக்குப் பிறகு நண்டே எண்ணெய் குளித்து மினுங்கியது, எழுதத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

"பரவாயில்லை, மின்சாரத் தராசு இருக்கிறது," என்றார் டொக்டர். கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்று. வெறுங்காலோடு ஏறி நின்றால் உள்ளங்காலால் மெல்லிய மின்சாரம் ஏறி, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று ஓடிப் பார்த்து வந்து எண் காட்டுமாம். ஆனால் அதற்குப் பற்றறி வேணும். பற்றறியை, வன்னிக்குத் தடைசெய்த சாமான் என்று, வவுனியாச் சோதனைச்சாவடியில் ஆமி எடுத்துவிட்டது.

"அதுக்கென்ன டொக்டர், நாங்கள் றேடியோ கேக்கிற மாதிரிக் கேப்பம்," என்று வஸ்தியான் சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்தான். டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்துத் தராசில் பூட்டினான். குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற, எண் பளிச்சென்று மின்னியது. சனம் கைதட்டியது. கொழுப்பில்லாத ஒருவன் மூச்சிரைக்கச் சுற்ற, மற்றவர்களின் கொழுப்பு தெரிகிற அதிசயத்தை அந்தக் காணி அன்றைக்குத்தான் கண்டது.

ஆனால் பிள்ளைகளை ஏற்றினால் தராசு ஒன்றும் காட்டவில்லை. வெறும் கோடு.

"பழுதோ?"

"இல்லை. இவ்வளவு பாரம் குறைந்தவர்களை இது ஆளாகக் கணக்கெடுப்பதில்லை," என்றார் டொக்டர், சாதாரணமாய்.

பேச்சியம்மா மென்றுகொண்டு, "மிசினுக்கும் தெரிஞ்சு போச்சு," என்றாள்.

"வெளிநாடுகளில் ஆளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுப்பார்கள். அதுதான் மிகச் சரியான முறை. கொழுப்பு மிதக்கும்," என்று டொக்டர் பேச்சை மாற்றினார்.

"அப்ப நாயாத்துக் களப்புக்குப் போவம் டொக்டர்," என்றான் வஸ்தியான், சுற்றுவதை நிறுத்தாமல். "ஆனா நேவி கண்டால் வெடி வைப்பான். வெடி பட்டால் மெலிஞ்சவனும் மிதப்பான். உங்கடை கணக்குப் பிழைச்சுப் போகும்."

பெரியவர்கள் எல்லாம் கூச்சத்தில் எட்ட நிற்க, கடைசியில் எண்ணெய் பூசாத, தராசு ஆளென்று ஒத்துக்கொள்ளுகிற ஒருத்திதான் மிஞ்சினாள். அடுப்படியில் புகையோடு நின்ற சுசிலா. இராயப்பர் தொண்டையைச் செருமினார். "டொக்டர், இவாதான் எங்கடை கஞ்சி காய்ச்சிறவா."

டொக்டர் சுசிலாவைப் பார்த்தார். கிடாரத்தைப் பார்த்தார். திரும்பவும் சுசிலாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அளவு முடிந்துவிட்டது.

அவள் தராசில் ஏறினாள். தன் மானமும் அந்தக் கிடாரமும் இப்போது ஒரு கண்ணாடிப் பலகையில் நிற்கின்றன என்று அவளுக்குத் தெரியும். வஸ்தியான் பெண்சாதியைப் பார்த்துக்கொண்டு மெல்லமாய்ச் சுற்றினான். இருபத்தாறு.

"வடிவாய்ச் சுத்தடா, பெண்சாதிக்காகப் பதுங்காதை!" என்றார் இராயப்பர். வஸ்தியானுக்கு ரோசம் வந்து இழுத்துச் சுற்றினான். முப்பத்தைந்து. இன்னும் இழுத்தான். நாற்பத்துநாலு. புருசனின் கோபமெல்லாம் பெண்சாதியின் கொழுப்பாய் ஏறிக்கொண்டிருந்தது. கை சோர்ந்து விட, எண் அணைந்தது. டொக்டர் கடைசியாய்த் தெரிந்ததை எழுதிக்கொண்டார்.

பிறகு நண்டு அவள் கையைக் கவ்வியது. எண்ணெய் இல்லாத தோல், நன்றாய்ப் பிடித்தது. நொந்தது. அதைவிடச் சனத்தின் கண் நொந்தது.

"என்னையும் அளவுங்கோ டொக்டர்," என்று இராயப்பர் சேட்டைக் கழற்றினார். "தலைவன் எண்டால் முன்மாதிரியாய் இருக்கவேணும்." நண்டு அவர் தோலைக் கிள்ளத் தேடியது, கிள்ள ஒன்றும் இல்லை. தராசில் ஏறினார், வஸ்தியான் சோர்ந்த கையால் சுற்ற எட்டு வீதம். சனம் ஆவென்றது. எட்டு வீதம் என்றால் தொண்ணூற்றிரண்டு வீதம் நேர்மை என்று விளங்கிக்கொண்டது போல ஒரு மரியாதை பரவியது. இராயப்பர் சேட்டைத் திரும்பப் போடவே இல்லை. விலா எலும்பைப் பதக்கம் மாதிரிக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

டொக்டர் கூட்டினார், பிரித்தார். சுசிலாவின் கொழுப்பை முகாம் முழுவதற்கும் சமமாய்ப் பங்கிட்டார். உண்மையான கஞ்சி ஒருநாளும் அவ்வளவு சமமாய்ப் பங்கிடப்பட்டதில்லை. "பிள்ளைகளின் நிறை பரவாயில்லை. கொழுப்பின் சராசரி திருப்தி. கஞ்சியை நிறுத்தச் சொல்லித்தான் நான் எழுத வேண்டியிருக்கும். சமையல் செய்பவரையும்..." மிச்சத்தை அவர் சொல்லாமல் விட்டார். அதைச் சனமே முடித்துக்கொண்டது.

சுசிலா ஆன்சலாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிள்ளையின் வயிற்றுக்குள் தண்ணீர் களக்கென்றது. "நான் எடுக்கேல்லை," என்றாள். ஒருதரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் உடம்பைத்தான் பார்த்தார்கள்.

இதோடு இராயப்பர் வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை, குஞ்சுகள். வெற்றி அவருக்குத் தலைக்கேறிவிட்டது. அன்றைக்குத்தான் பன்றி வாங்கப் புதுக்குடியிருப்பு இறைச்சிக்கடைக்காரர் வந்திருந்தார். கடைக்காரரின் தராசில் இராயப்பருக்கு நம்பிக்கை இல்லை. களவெடுக்கிறவனுக்குத்தான் மற்றவனின் தராசில் சந்தேகம்.

"டொக்டர், அந்தத் தொங்குதராசை ஒருக்காத் தாருங்கோ. உங்கடை தராசெண்டால் பொய் சொல்லாது."

பன்றி வந்தது. நாலுபேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குளிப்பாட்டி, பளபளவென்று, வயிறு நிலத்தைத் தொட வந்தது. இராயப்பரும் இந்த ஊர் மனிசன்தானே! நிறுக்கிற நாளில் வயிற்றை நிரப்புகிற பழக்கம் அவருக்கும் உண்டு. விடியப்புறம் எழும்பி அதற்குத் தொண்டைமட்டும் தீத்தியிருந்தார்.

பின்னங்கால் இரண்டையும் கயிற்றால் கட்டி, தலைகீழாய்த் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள். பாலைமரக் கொப்பு முனகியது. தராசு முள் கடைசி இலக்கம் வரைக்கும் போய் நின்றது. இராயப்பர் சிரித்தார். நிறையை வடிவாய் வாசிக்க டொக்டர் குனிந்து கிட்டப் போனார்.

பன்றி ஒருதரம் விக்கியது.

பிறகு வாயைத் திறந்து, விடியப்புறம் வாங்கினது எல்லாவற்றையும் டொக்டரின் வெள்ளைச் சப்பாத்தில் திருப்பிக் கொடுத்தது. மஞ்சள் நிறம். கட்டி கட்டியாய். தண்ணி கலக்காத நல்ல கட்டிக் கூழ். வறுத்த சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த வாசம் காணி முழுக்க எழும்பியது. அந்த வாசம் தெரியாத ஒரு தாய் அந்த முகாமில் இல்லை. கனநாளாய்க் கஞ்சியில் அந்த வாசத்தைத் தேடினவர்கள் அவர்கள்.

பேச்சியம்மா முன்னால் வந்தாள், குனிந்தாள், மூக்கை உறிஞ்சினாள்.

"தலைவரே," என்றாள், "கோரைக்கிழங்கு நல்லாத்தான் வாசமடிக்குது."

இராயப்பரின் கை தானாகவே கழுத்துத் திறப்பை மூடிக்கொண்டது. மூடினதுதான் பிழை. அதுவரைக்கும் பன்றியைப் பார்த்த சனம் இப்போது திறப்பைப் பார்த்தது.

"அது... சிந்தினது கொஞ்சம்... பழுதான மா..." என்றார்.

"பழுதெண்டால் பண்டி இப்பிடி வளருமே?" என்றார் இறைச்சிக்கடைக்காரர். அவருக்குத் தான் வாங்கப்போகிற இறைச்சியைப் பற்றிய கவலை.

டொக்டர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்வது என்று தெரியாத மனிசன், கையில் இருப்பதைக் கொண்டு தெரிந்த வேலையைச் செய்வான். தொங்குகிற பன்றியின் முதுகில் நண்டை வைத்துக் கிள்ளினார். நண்டு வாயைப் பிளந்தது, பிளந்தது, வில்லுக் கிறீச்சென்று முழுக்க விரிந்து நின்றது. முகத்தில் அதற்கு மேல் இலக்கம் இல்லை.

சுசிலா பிள்ளையை இறக்கிவிட்டு முன்னால் வந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"இப்ப எழுதுங்கோ டொக்டர். எங்கடை முகாமிலை கொழுப்பு எங்கை இருக்கெண்டு இப்ப எழுதுங்கோ."

டொக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மெதுவாய்ச் சொன்னார்: "அம்மா, இதில் பன்றிக்குக் கட்டம் இல்லை. அளந்த எண்ணை மாற்ற எனக்கு உரிமையும் இல்லை." பேனையைத் திரும்பத் திறந்தார். பிறகு, "ஆனால் கஞ்சி நிற்கக்கூடாது என்று கீழே கையால் எழுதுகிறேன். நீங்களே காய்ச்ச வேண்டும் என்றும் எழுதுகிறேன்," என்றார். எழுதினார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போய் வாகனத்தில் ஏறினார்.

இராயப்பரின் கழுத்திலிருந்து திறப்பைக் கழற்றியது பேச்சியம்மா. செபமாலையை விட்டுவிட்டாள். "இது உங்களுக்கு இனித்தான் தேவைப்படும்," என்றாள். திறப்பு சுசிலாவின் இடுப்பில் ஏறியது.

பன்றியைச் சனம் விற்கவிடவில்லை. "அது எங்கடை பிள்ளையளின்ரை சாப்பாடு, வேறை உருவத்திலை நிக்குது," என்று வஸ்தியான் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கஞ்சிக் கிடாரத்தில் இறைச்சி கொதித்தது. பேச்சியம்மாவுக்கு இறைச்சி ஆகாது, ஆனாலும் பக்கத்தில் இருந்து வாசம் பிடித்தாள். நேற்றுவரை சுசிலாவின் உடம்பைக் கண்ணால் அளந்த பெண்கள் இன்றைக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு கோப்பையை நீட்டினார்கள். அவள் ஒருத்திக்கும் குறைத்துப் போடவில்லை. இராயப்பரும் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். சேட்டுப் போட்டிருந்தார். சுசிலா அகப்பையை விட்டுத் துழாவி, கொழுப்பு ஒரு பொட்டும் இல்லாத மெலிந்த துண்டாய்ப் பார்த்து அவருக்குப் போட்டாள்.

"உங்கடை எட்டு வீதத்தைக் கெடுக்கக்கூடாது தலைவர்."

பிறகு நாள்கள் போக, வஸ்தியான் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்ற, முகாம் சுற்றியிருந்து றேடியோ கேட்டது. கொழும்பில் ஆரோ ஒரு பெரியவர் பேசினார். வன்னியில் பட்டினி என்பதெல்லாம் கட்டுக்கதையாம். நிபுணர்கள் போய் அளந்தார்களாம். சனத்தின் உடம்பில் போதிய கொழுப்பு இருக்கிறதாம்.

எல்லாரும் திரும்பிச் சுசிலாவைப் பார்த்தார்கள். அந்தக் கொழுப்பு ஆருடையது என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் சிரித்தது சுசிலாதான். பிறகு முகாமே சிரித்தது. சிரிப்பு அடங்கினபிறகும் பெரியவர் பேசிக்கொண்டே இருந்தார். வஸ்தியான் சுற்றுவதை நிறுத்தினான். சொல்லி முடியுமுன் அவர் வாய் அடைத்தது. சுசிலா எழும்பி, இடுப்புத் திறப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு, மா அளக்கப் போனாள்.

கதை அவ்வளவுதான் செல்லங்கள். எழும்பிப் பத்திரமாய்ப் போங்கோ. உங்கடை வீட்டு அடுப்பிலை நெருப்புக் குறையாமல் இருக்கட்டும். கிடாரத்தின்ரை அடியிலை கடைசியாய் வாற ஆளுக்கும் ஒரு கோப்பை மிஞ்சட்டும். உங்கடை குஞ்சுகளின்ரை கன்னத்திலை, கிள்ளினால் கைக்குள்ளை நிக்கிற அளவுக்குச் சதை பிடிக்கட்டும். அதை அளக்க எந்த நண்டும் உங்கடை படலை தட்டாமல் இருக்கட்டும்.